பிடிமண்ணும் பட்டாவும்

தொப்பூர் வழியாகக் குலசாமி கும்பிடப் போகும் வேன்களிலிருந்து, கொச்சி யூதர்கள் குடியேறிய நெகேவ் பாலைவனம் வரை... ‘முன்னோர் மண்’ யாருடையது என்ற தீராத வழக்கு

மகா சிவராத்திரி நெருங்கும் நாள்களில் தொப்பூரை அடுத்த சுங்கச்சாவடியில் அரை மணி நேரம் நின்றால் போதும். பெங்களூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் வேன்கள் வரிசைகட்டி வரும். முன்சீட்டில் தாத்தா, நடுவில் பித்தளைப் பானையும் மாலைக்கூடையும், ஜன்னலோரம் கன்னடத்தில் பேசிக்கொண்டு வரும் பேரப்பிள்ளைகள். எங்கே பயணம் என்று கேட்டால், “குலசாமி கோயிலுக்குங்க” என்று பதில் வரும். கணவாயில் இறங்கி, இரட்டைப் பாலத்தைத் தாண்டி, சிலர் சேலம், நாமக்கல் பக்கம் போவார்கள். சிலர் மேட்டூர் சாலையில் பிரிந்து பவானிப் பக்கம் போவார்கள். “பொறந்தது, வளந்தது எல்லாம் பெங்களூருங்க. பூர்வீகம்தான் இந்தப் பக்கம்.”

அந்தப் பூர்வீகத்தில் அவர்களில் பலருக்கு இன்று ஒரு சென்ட் நிலம்கூட இருக்காது. ஆனாலும் தலைக்கட்டு வரி கட்டுவார்கள்; முதல் மரியாதைக்குச் சண்டை போடுவார்கள். இவ்வளவு தூரம் ஆண்டுதோறும் வர முடியாது என்று தோன்றினால், கோயிலில் ஒரு பிடி மண் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து, வாழும் ஊரில் வைத்துக் கும்பிடுவார்கள். பிடிமண் எடுக்க யாரும் தடை சொல்வதில்லை. அதே மனிதர் பக்கத்து வயலில் உழுதுகொண்டிருப்பவரிடம் போய், “இது எங்க பாட்டன் பூமி, எழுந்திரு” என்று சொன்னால் கதை வேறு. பட்டா எங்கே, சிட்டா எங்கே, எத்தனை வருட அனுபோகம் என்று கேள்விகள் கிளம்பும். விவகாரம் கோர்ட்டில் போய் நிற்கும்.

பிடிமண்ணுக்கும் பட்டாவுக்கும் இடையே தமிழ்க் கிராமம் போட்டுவைத்திருக்கும் இந்தக் கோட்டை வைத்துக்கொண்டு, உலகின் மிகப் பழைய பூர்வீக வழக்கு ஒன்றைப் பார்க்கலாம். யூதர்கள் யார், எங்கிருந்து வந்தவர்கள், வேதாகமம் அவர்களுக்கு வாக்களித்ததாகச் சொல்லும் நிலத்துக்கு இன்று என்ன பொருள் என்ற வழக்கு அது. அதற்காக ஜெருசலேம் வரை போக வேண்டியதில்லை. தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலத்தில் 544-ம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தால், கோவை, பாலக்காடு வழியாக அந்த வழக்கின் ஒரு முக்கியமான சாட்சியிடம் போய்ச் சேரலாம். அந்தச் சாட்சி இருக்கும் ஊர் கொச்சி.

இசுப்பு இரப்பானின் செப்பேடு

கொச்சியின் மட்டாஞ்சேரியில், யூதத் தெருவின் முனையில், 1568-ல் கட்டப்பட்ட பரதேசி யூதப் பள்ளி இருக்கிறது. தொழுகைக்கூடத்தைப் ‘பள்ளி’ என்றே அங்கே சொல்வார்கள். அந்தச் சமூகம் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த செப்பேடு, சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஏறத்தாழ கி.பி. 1000-ல் கொடுத்தது. வட்டெழுத்து, தமிழும் மலையாளமும் முழுதாகப் பிரியாத காலத்து மொழி. ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவரின் பெயரை அது ‘இசுப்பு இரப்பான்’ என்று நம் நாக்குக்கு ஏற்ற வடிவில் எழுதுகிறது. முயிரிக்கோட்டில் வைத்து அவருக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமையையும், 72 சிறப்புரிமைகளையும் அரசன் தருகிறான். பகல் விளக்கு, நடைபாவாடை, பல்லக்கு, குடை, பறை, காகளம் என்று நீள்கிறது பட்டியல். உலகும் சந்திரனும் உள்ளவரை அவர் சந்ததிக்கும் அது செல்லும்.

யூதர்கள் எப்போது வந்தார்கள் என்று செப்பேடு சொல்லவில்லை. அந்த இடத்தைக் கதைகள் நிரப்பின. சாலமோன் அரசனின் கப்பலிலேயே வந்துவிட்டோம் என்பது ஒன்று. கி.பி. 70-ல் ரோமானியர் ஜெருசலேம் ஆலயத்தை இடித்தபின் முசிறிக்கு வந்தோம் என்பது இன்னொன்று. முதல் கதைக்குத் துணையாகத் தமிழையே சாட்சிக்கூண்டில் ஏற்றுவார்கள். சாலமோனின் கப்பல்கள் கொண்டுவந்த மயிலுக்கு எபிரேய வேதாகமத்தில் இருக்கும் ‘துக்கி’ என்ற சொல், நம் ‘தோகை’யிலிருந்து போனது என்று கால்டுவெல் வாதிட்டார். மறுப்பவர்களும் உண்டு. ஏற்றுக்கொண்டாலும், கப்பலில் மயில் போனதற்குத்தான் அது சாட்சி. கப்பலில் யூதர் வந்ததற்கு அல்ல. கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய சான்று என்றால் செப்பேடுதான். அதற்கடுத்து, கேரளத்தின் சேந்தமங்கலத்தில் கிடைத்த 1269-ம் ஆண்டு எபிரேயக் கல்லறைக் கல்: ‘இஸ்ரேலின் மகள் சாரா’.

கதையைக் கொண்டு வேரை நீட்டிக்கொள்வது யூதர்களுக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை. தொப்பூர் இருக்கும் தருமபுரி மண் தகடூர் என்ற பெயரில் அதியமான்கள் ஆண்டது. அதியமானின் முன்னோர்தான் கரும்பை வேற்றுநாட்டிலிருந்து இங்கே கொண்டுவந்தவர்கள் என்று ஔவையார் பாடியிருக்கிறார். சோழர் ஆட்சியின் கடைசிக் காலத்தில் அந்த வழியில் வந்த விடுகாதழகிய பெருமாள், போளூர் அருகே திருமலைச் சமணக் கோயிலில் பழைய சிற்பங்களைப் புதுப்பித்தபோது, அவற்றை முதலில் செய்துவைத்தவன் ‘சேர வம்சத்து எழினி’ என்று கல்லில் வெட்டிவைத்தார். ஆட்சி செய்வது தகடூரில். பெருமை பேசுவது சேர வம்சத்தை. பூர்வீகம் எப்போதும் நிற்கும் இடத்திலிருந்து சற்றுத் தள்ளியே இருக்கிறது.

பரதேசிக்கு முன்வரிசை

தமிழில் ‘பரதேசி’ என்றால் வசவு. மட்டாஞ்சேரியில் அது பட்டம். ஸ்பெயின் 1492-ல் யூதர்களைத் துரத்திய பிறகு, பல நாடுகளில் அலைந்து 16-ம் நூற்றாண்டில் கொச்சிக்கு வந்தவர்களும், பின்னர் ஈராக் போன்ற இடங்களிலிருந்து வந்து சேர்ந்தவர்களும் பரதேசி யூதர்கள். அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கே வேரூன்றியிருந்த மலபார் யூதர்கள் இருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் தங்களை ‘வெள்ளை யூதர்’ என்றார்கள். முன்பிருந்தவர்கள் ‘கறுப்பு யூதர்’ ஆனார்கள். இரப்பானின் உண்மையான வாரிசு யார் என்று இரு தரப்புக்கும் வழக்கு. இவர்களுக்கும் கீழே, விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழித்தோன்றல்கள் என்று ஒரு பிரிவை வைத்து, அவர்களைப் பரதேசிப் பள்ளிக்குள் சமமாக உட்கார விடவில்லை. நம் ஊர்த் தேர்த் திருவிழாவில் யார் வடம் பிடிப்பது என்ற தகராறை இதில் அடையாளம் காணத் தமிழ் வாசகருக்குச் சிரமம் இருக்காது.

அந்தப் பிரிவில் பிறந்து வழக்கறிஞரானவர் ஏ.பி. சேலம் (1882–1967). பெயரில் சேலம் இருந்தாலும் நம் சேலத்துக்கும் அவருக்கும் தொடர்பில்லை. கொச்சிச் சட்டமன்றத்தில் இருந்தவர். காந்தி வழியில் நடந்தவர். பரதேசிப் பள்ளியில் சம உரிமை கேட்டுச் சத்தியாகிரகம் செய்ததால் ‘யூத காந்தி’ என்று பெயர் பெற்றார். யூதர்களுக்கு ஒரு தாயகம் வேண்டும் என்பதிலும் அவர் உறுதியாக இருந்தார். கொச்சி யூதர்கள் இஸ்ரேல் போகப் பாடுபட்டார். ஆனால் கடைசிவரை வாழ்ந்ததும் கண்ணை மூடியதும் கொச்சியில்தான். இன்று யூதத் தெருவில் ஒரு சாலைக்கு அவர் பெயர்.

தாயகம் என்ற புது ஊர்

1948-ல் இஸ்ரேல் பிறந்தது. உலகின் எந்த யூதரும் வந்து குடியுரிமை பெறலாம் என்று 1950-ல் ‘திரும்புதல் சட்டம்’ வந்தது. கொச்சியில் இருந்த ஏறத்தாழ 2,400 யூதர்களில் பெரும்பாலோர் 1950-களின் நடுப்பகுதிக்குள் கிளம்பிவிட்டார்கள். யாரும் அவர்களை விரட்டவில்லை. யூத வெறுப்பு வேர்பிடிக்காத நாடு இது என்று அவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பின் ஏன் போனார்கள்? தினமும் மூன்று வேளை ஜெருசலேம் பக்கம் திரும்பி வேண்டிக்கொண்டவர்களுக்கு, வேண்டிய இடத்துக்கு டிக்கெட் கிடைத்தது. பெண்கள் தலைமுறைகளாக நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்துப் பாடிய மலையாளப் பாட்டுகளிலும் சீயோன் ஏக்கம் இருந்தது.

தாயகமோ முதலில் அவர்களின் காலைப் பார்த்தது. கொச்சியில் யானைக்கால் நோய் இருந்ததால், அது பரவும் என்ற அச்சத்தில் வருகையைத் தள்ளிப்போட்டார்கள். பிறகு வந்தவர்களை எல்லையோர, பாலைவனக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். நெகேவ் பாலையில் நெவாத்திம், ஜெருசலேம் மலைகளில் மெசிலாத் சீயோன், லெபனான் எல்லையில் கஃபர் யுவால். காயலும் தென்னையும் பார்த்து வளர்ந்தவர்கள் பாலைமண்ணில் விவசாயம் பழகினார்கள். மட்டாஞ்சேரி கடவும்பாகம் பள்ளியின் மரவேலைப்பாடுகள் கடல் கடந்து, இன்று ஜெருசலேம் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நூற்றாண்டுகளாக ஜெருசலேமை நினைத்துக் கொச்சியில் தொழுதவர்களின் பேரன் பேத்திகள், இப்போது ஜெருசலேமில் நின்று கொச்சியின் மரத்தைப் பார்க்கிறார்கள்.

கொங்கணக் கரையின் பெனே இஸ்ரேல் யூதர்களுக்கு இதைவிடக் கசப்பான வரவேற்பு. ஏழு தம்பதிகள் மட்டும் பிழைத்த கப்பல் விபத்தில் கரை ஒதுங்கியவர்கள் தாங்கள் என்பது அவர்கள் கதை. சனிக்கிழமை செக்கு ஓட்டாததால் ஊரார் அவர்களைச் ‘சனிவாரத் தேலி’, அதாவது சனிக்கிழமைச் செக்கார் என்றார்கள். பம்பாயில் யாரும் அவர்களிடம் வம்சாவளிச் சான்று கேட்கவில்லை. இஸ்ரேலில் கேட்டார்கள். நடத்தப்பட்ட விதத்தில் மனம் நொந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் போராடி, 1952-ல் இந்தியாவுக்கே திரும்பினார்கள். அவர்களில் பலர் பின்னர் மறுபடியும் அங்கே போனது தனிக்கதை. 1962-ல் தலைமை ரபிமன்றம், பெனே இஸ்ரேல் யூதரை மணப்பதற்கு முன் அவர்களின் முன்னோரை விசாரிக்க வேண்டும் என்றது. 1964-ல் அவர்கள் ஜெருசலேம் வீதியில் உட்கார்ந்தார்கள். அந்த ஆகஸ்ட்டில் பிரதமர் லெவி எஷ்கோலின் அரசும் நாடாளுமன்றமும் தலையிட்டு, எல்லா வகையிலும் அவர்கள் யூதர்களே என்று சொன்ன பிறகுதான் ரபிகள் இறங்கிவந்தார்கள்.

அதே 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த 5,25,000 தமிழர்களை இந்தியா ஏற்க வேண்டும் என்றது அது. அவர்களின் பாட்டன்கள் திருச்சி, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கங்காணி பின்னால் போனவர்கள். அன்றைய சேலம் மாவட்டம் என்றால் தருமபுரியும் அதில் அடங்கும். அது தனி மாவட்டமானது 1965-ல்தான். தலைமன்னாரிலிருந்து கப்பலேறி வந்தவர்களுக்கு அரசு வைத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. ஊர்க்காரர்கள் வைத்த பெயர் ‘சிலோன்காரர்’. கண்டியில் ‘கள்ளத்தோணி’, கோத்தகிரியில் ‘சிலோன்காரர்’. கொச்சியில் யூதர், நெவாத்திமில் ‘கொச்சினி’. பூர்வீகத்துக்குத் திரும்புகிறவர் அங்கே புது ஆள்தான் என்பதை நம் மலையகச் சொந்தங்கள் சொல்லியே நாம் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

ரத்தம் சொல்லும் சாட்சி

கதையை நம்பாதே, மரபணுவைப் பார் என்பது இந்தக் காலத்து வாதம். பார்த்தார்கள். 2010-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த பெரிய ஆய்வு, உலகின் பெரும்பாலான யூதக் குழுக்களிடம் மேற்காசியத் தொடர்பு தெரிகிறது என்றது. ஆனால் இந்திய யூதர்கள் அக்கம்பக்கத்து இந்தியர்களோடு நெருங்கி நின்றார்கள். 2016-ல் வந்த ஆய்வுகள் இன்னும் நுணுகிப் பார்த்து, பெனே இஸ்ரேலிடமும் கொச்சி யூதரிடமும் மேற்காசியச் சுவடும் கலந்திருப்பதைக் காட்டின. பெண் எடுத்தது பெரும்பாலும் இங்கே. வந்து கலந்த ஒரு சரடு அங்கே. இரண்டு கதையும் பாதிப் பாதி உண்மை.

ஐரோப்பிய யூதர்கள் யூத மதத்துக்கு மாறிய கசார் என்ற துருக்கிய இனத்தவர் என்று 1976-ல் ஆர்தர் கோஸ்லர் எழுதிய புத்தகம் பெரிய புயலைக் கிளப்பியது. யூதர்களுக்கு அந்த மண்ணோடு தொடர்பே இல்லை என்று நிறுவ நினைப்பவர்கள் இன்றும் அதைக் கையில் எடுக்கிறார்கள். பெரும்பாலான மரபணு ஆய்வுகள் அதை ஏற்கவில்லை. அதேபோல, பாலஸ்தீனர்கள் நேற்று வந்தேறிய அரபுகள் என்ற எதிர்வாதமும் நிற்கவில்லை. வெண்கலக் கால எலும்புகளை ஆராய்ந்து 2020-ல் ‘செல்’ இதழில் வந்த கட்டுரை, இன்றைய யூதர்களில் பெரும்பாலோரிடமும், அப்பகுதியின் அரபு பேசும் மக்களிடமும் அந்தப் பழைய கானானிய வேர் கணிசமாகத் தொடர்வதைக் காட்டியது. சண்டைபோடுபவர்கள் பங்காளிகள்.

ஒரு சின்னக் கணக்கு. பெற்றோர் இருவர், தாத்தா பாட்டிகள் நால்வர் என்று இரட்டித்துக்கொண்டே 30 தலைமுறை பின்னால் போனால், வம்சமரத்தில் 107 கோடி இடங்கள் வரும். அத்தனை மனிதர்கள் அன்று உலகத்திலேயே இல்லை. ஆகவே ஒரே மூதாதை பல கிளைகளில் திரும்பத் திரும்ப வருவார். எல்லோருடைய மரமும் எல்லோருடைய மரத்தோடும் பின்னிக்கொள்ளும். இதில் ஒரே ஒரு கிளையைப் பிடித்து “இதுதான் நான்” என்பது உயிரியல் சொல்லும் முடிவு அல்ல. அது நாமாக எடுக்கும் முடிவு.

புதிதாக வந்து கேட்பவர்கள்

அந்த முடிவை நம் காலத்திலேயே எடுத்தவர்கள் உண்டு. மிசோரம், மணிப்பூர் மலைகளில் குகி, மிசோ மக்களில் ஒரு பகுதியினர், காணாமல்போன பத்துக் கோத்திரங்களில் ஒன்றான மனாசேயின் வழி தாங்கள் என்கிறார்கள். 1950-களில் ஒரு கிராமத்தில் ஒருவர் கண்ட தரிசனத்திலிருந்து இந்த இயக்கம் வளர்ந்தது. 2005-ல் இஸ்ரேலின் செஃபார்தித் தலைமை ரபி இவர்களை ஏற்றார். முறைப்படி மதம் மாற வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. 2025 நவம்பரில், மீதமுள்ள ஏறத்தாழ 5,800 பேரை 2030-க்குள் அழைத்துவர இஸ்ரேல் அரசு ஒப்புதல் தந்தது. 2023 முதல் இனக் கலவரத்தில் எரிந்த மணிப்பூரிலிருந்து பார்த்தால், அந்தத் தாயகம் ஒரு புகலிடமும்கூட. ஆனால் முன்னால் போனவர்களில் பலர் குடிவைக்கப்பட்ட இடங்களில் ஒன்று மேற்குக் கரையின் கிர்யாத் அர்பா. மிசோரத்தில் கண்ட கனவு, அங்கே ஒரு பாலஸ்தீனரின் வேலியைத் தொடுகிறது.

ஆந்திரத்தில் குண்டூர்ப் பக்கம் கொத்தரெட்டிபாலெம் ஊரில், எப்ராயீம் கோத்திரம் என்று சொல்லிக்கொள்ளும் தெலுங்குக் குடும்பங்கள் இருக்கின்றன. மாதிகர் என்று ஊர் ஒதுக்கிவைத்த சேரியில் 1990-களின் தொடக்கத்தில் தொழுகைக்கூடம் எழுப்பினார்கள். இஸ்ரேல் இவர்களை இன்னும் ஏற்கவில்லை. ரத்தத்தில் எபிரேயம் இருக்கிறதா என்று கேட்பதைவிட, ஒரு தலித் குடும்பம் ஏன் சிதறடிக்கப்பட்ட, ஒடுக்கப்பட்ட ஓர் இனத்தின் கதையில் தன் முகத்தைப் பார்த்தது என்று கேட்பது பொருத்தம். அயோத்திதாசப் பண்டிதர் 1898-ல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கி, ஒடுக்கப்பட்ட தமிழர்களைப் ‘பூர்வ பௌத்தர்’ என்று அழைத்ததை அறிந்த நமக்கு இது புரியும். சாதி ஒருவருக்குக் கொடுத்த பிறப்புச் சான்றிதழைக் கிழிக்க, அதைவிடப் பழைய பூர்வீகம் ஒன்று தேவைப்படுகிறது.

காந்தியும் பூபரும்

அப்படியானால் வேதாகமத் தாயகம் என்பது மனசில் இருக்கும் ஊரா, வரைபடத்தில் இருக்கும் ஊரா? 1938 நவம்பர் 26 ‘ஹரிஜன்’ இதழில் காந்தி நேரடியாகப் பதில் சொன்னார். வேதாகமம் சொல்லும் பாலஸ்தீனம் நிலப்பரப்பு அல்ல, யூதர்களின் இதயத்தில் இருப்பது என்றார். இங்கிலாந்து ஆங்கிலேயர்களுடையது என்றால் பாலஸ்தீனம் அரபுகளுடையது என்றார். ஜெர்மனியில் யூதத் தொழுகைக்கூடங்கள் எரிந்து மூன்று வாரம்கூட ஆகாத நேரம். அங்குள்ள யூதர்கள் சத்தியாகிரகம் செய்யலாம் என்ற அவரது யோசனை பலரைக் காயப்படுத்தியது. அடுத்த ஆண்டு ஜெருசலேமிலிருந்து தத்துவஞானி மார்ட்டின் பூபர் மறுமொழி எழுதினார். ஒரு சமூகம் தன் அறத்தை வாழ்ந்துகாட்டக் காலுக்குக் கீழே மண் வேண்டும், வெறும் குறியீடு போதாது என்பது அவர் வாதம். ஆனால் அதே மண்ணில் அரபுகளின் உரிமையும் மெய்யானது, இரண்டையும் பொருத்தியாக வேண்டும் என்றும் சொன்னார். யூதரும் அரபுகளும் சேர்ந்து நடத்தும் ஒரே நாடு என்பதே அவர் விருப்பம்.

காந்தி பிடிமண்ணைப் பேசினார். பூபர் மண்ணைப் பேசினார். யூத மரபில் பிடிமண்ணும் உண்டு. பாபிலோனுக்குச் சிறைபோனவர்கள் ஜெருசலேமின் கல்லையும் மண்ணையும் கொண்டுபோய் நெஹர்தேயா என்ற ஊரில் தொழுகைக்கூடம் கட்டியதாக ஓர் ஐதிகம். அயல்நாட்டில் இறப்பவரின் உடலோடு புண்ணிய பூமியின் மண் கொஞ்சம் வைக்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. அந்தப் பிடி மண்தான் இரண்டாயிரம் ஆண்டுகள் அவர்களைக் கலையாமல் காத்தது. அதைப் பொய் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் அமைய ஆதரவு சொன்ன பால்ஃபோர் பிரகடனம் 1917-ல் செய்தது, பிடிமண்ணைப் பட்டாவாக மாற்றும் வேலை. நிலம் அப்போது உதுமானியருடையது, எழுதிக்கொடுத்தது பிரிட்டன், அங்கே குடியிருந்த பெரும்பான்மையினர் அரபுகள். 1948-ல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள். பூட்டிவிட்டு வந்த வீட்டின் சாவியைப் பேரப்பிள்ளைகள் இன்றும் வைத்திருக்கிறார்கள். ஒருவர் கையில் பிடிமண், இன்னொருவர் கையில் சாவி. 2023 அக்டோபர் 7-ல் ஹமாஸ் தாக்குதலில் கொல்லப்பட்ட ஏறத்தாழ 1,200 பேரும், அதன்பின் காசாவில் கொல்லப்பட்ட பல்லாயிரம் பேரும், யாருடைய பாட்டன் முந்தியவன் என்ற கேள்விக்குப் பதிலாக உயிரைக் கொடுத்தவர்கள் அல்லர். அந்தக் கேள்வி அவர்கள்மேல் வந்து விழுந்தது.

முந்தி வந்தது யார் என்று தீர்ப்பெழுதத் தொடங்கினால் தருமபுரியில்கூட யாரும் மிஞ்ச மாட்டார்கள். இம்மாவட்டத்தில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசி, சந்தையில் தமிழ் பேசும் குடும்பங்கள் நூற்றாண்டுகளாக வாழ்கின்றன. அவர்களின் குலசாமி வடக்கே எங்கோ இருக்கும்; வயல் இங்கே இருக்கிறது. ஓட்டு, ரேஷன், பட்டா எல்லாம் இங்கே. அதைக் கேள்வி கேட்கும் அரசியல் கிளம்பாதவரை நாம் நிம்மதியாக இருக்கிறோம்; கிளம்பினால் அசாமில் குடிமக்கள் பதிவேட்டுக்காக வம்சாவளிப் பத்திரங்களோடு வரிசையில் நின்றவர்களின் கதிதான்.

கொச்சிச் செப்பேட்டை இன்னொரு முறை வாசித்தால் ஒன்று தெரியும். சேரமான் இசுப்பு இரப்பானிடம் உன் பாட்டன் யார், எந்தக் கோத்திரம், சாலமோன் கப்பலில் வந்தாயா என்று ஒரு வரிகூடக் கேட்கவில்லை. ஊரில் இருக்கிறான், வணிகம் செய்கிறான், ஆகவே ஊரார் பெறும் மரியாதை அவனுக்கும் உண்டு என்று எழுதிக்கொடுத்தான். 2017-ல் இந்தியப் பிரதமர் இஸ்ரேல் பிரதமருக்குப் பரிசளித்தது அந்தச் செப்பேட்டின் நகலைத்தான். பழைமைக்குச் சான்றாகக் கொடுத்தார்கள். வந்தவனை எப்படி ஊர்க்காரனாக ஏற்பது என்ற பாடமும் அதே தகட்டில்தான் இருக்கிறது. அதை இரு நாட்டிலும் யாராவது வாசித்தார்களா என்று தெரியவில்லை.

சிவராத்திரி முடிந்து மறுநாள் மாலை, வேன்கள் கணவாயில் மூச்சிரைக்க மேலேறுகின்றன. பானை காலி. மாலைக்கூடையில் விபூதிப் பொட்டலம், மஞ்சள் துணியில் முடிந்த ஒரு பிடி மண். பேரப்பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். சுங்கச்சாவடியில் ஓட்டுநரிடம் எங்கே போறீங்க என்று கேட்டால், கொஞ்சமும் தயங்காமல் சொல்கிறார்: “ஊருக்குத்தாங்க... பெங்களூரு.”